யாரும் என்னைத் தேநீருக்கு அழைக்கவில்லை

1

எங்கள் துறைக் கூட்டத்தின் குறிப்பு திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் வந்தது. ஐந்தாவது பொருளுக்குக் கீழே ஒரே வரி. ‘கடலும் அரசும்’ என்ற பாடத்தை அடுத்த கல்வியாண்டு முதல் நிறுத்துவது; அனைவரும் ஒப்புக்கொண்டனர்.

அந்த அனைவரில் நானும் ஒருவன். அந்தப் பாடத்தை நடத்துகிறவனும் நான்தான்.

சன்னலுக்கு வெளியே மழை. வட இங்கிலாந்தின் இந்த ஆற்றங்கரை நகரத்தில் மழை பெய்வதில்லை, நிற்கிறது. காற்றில் ஈரமாக, வேலைவெட்டி இல்லாத விருந்தாளியைப் போல, நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நான் ஒப்புக்கொள்ளவே இல்லை. என் மறுப்பைக் கூட்டத்தில் மிகத் தெளிவாகத் தெரிவித்திருந்தேன். அந்தப் பொருள் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன். மேசையைப் பார்த்துக்கொண்டு, கூட்டம் முடிகிறவரை ஒரு சொல் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் ஒரு மனிதன் இதைவிட உரக்க மறுக்க முடியாது.

2

வங்காள விரிகுடாக் கரையில் இருக்கும் எங்கள் கோவளத்தின் கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

பேருந்து திரும்பும் இடத்திலிருந்து கடலைப் பார்த்து இறங்குகிற தெரு அது. துணிக்கடை, மளிகை, வலைக்கடை, ஐஸ் கடை, இப்போது புதிதாக அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிற பையன்களின் கடை, எல்லாம் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு ஒரு பக்கத்து ஷட்டர்கள் இறங்கும். ஞாயிறு காலை பூசைக்கு இன்னொரு பக்கத்து ஷட்டர்கள். யார் கடையையும் யாராவது எதிரிலிருந்து பார்த்துக்கொள்வார்கள். அதனால் எதை முடிவு செய்தாலும் கூடித்தான் செய்ய வேண்டும்.

கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. என் மனைவியின் அண்ணன் பஷீர், படகு இன்ஜின் சாமான் கடை வைத்திருக்கிறார். அவர் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடுவார்கள். பேச்செல்லாம் ஓய்ந்தபிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பார்கள். சம்மதம் என்றால் ‘செரி’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சம்மதம் இல்லாதவர் எதிர்த்துப் பேச மாட்டார். நாளைக் காலையில் எதிரெதிரே கடை திறக்க வேண்டியவர்கள். எல்லார் முன்னாலும் ‘முடியாது’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அப்புறம் எந்த முகத்தோடு போய் ஏணி இரவல் கேட்பது? ஆகவே அவர் மௌனமாகிவிடுவார். ஒருவர் மௌனமானால் முடிவு அங்கேயே நின்றுபோகும். உடனே யாராவது எழுந்து, டீ குடித்துவிட்டு வரலாம் வா என்று அவரைத் தனியாக அழைத்துப்போவார். மனதில் உள்ளது கண்ணாடி டம்ளருக்கு முன்னால்தான் வெளியே வரும்.

ஆட்டோ ஸ்டாண்டை மர நிழலுக்கு மாற்றலாம் என்று ஒருமுறை பேச்சு வந்தது. எல்லோரும் செரி சொன்னார்கள். ஐஸ் கடை அந்தோணி அண்ணன் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் டீயில் அவர் கிரிக்கெட் பேசினார். இரண்டாவது டீயில் மகளுக்குக் காய்ச்சல் என்றார். மூன்றாவது டீக்கு பஷீர் மச்சானே அழைத்துப்போனார். அப்போதுதான் தெரிந்தது, ஐஸ் லாரி பின்னால் வந்து திரும்புகிற இடம் அந்த நிழல்தான். ஸ்டாண்ட் கொஞ்சம் தள்ளிப் போனது. நிழலும் கிடைத்தது, லாரியும் திரும்பியது. அந்தோணி அண்ணன் அன்று வாய்விட்டுச் சொன்ன செரி தெருக்கோடி வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

இப்படி ஒரு தெருவிலிருந்து கிளம்பியவன்தான் அரசியல், பன்னாட்டு ஆய்வுகள் துறையில் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இத்தனை காலமும் இந்தத் துறையில் என் பிழைப்பைத் தொடுகிற எந்த முடிவும் கூட்டத்துக்கு வந்ததில்லை. அதனால் என் மௌனத்துக்கு இங்கே என்ன மதிப்பு என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே அமையவில்லை.

3

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் ஏக்கம் இருக்க வேண்டும் என்று ஊரில் எதிர்பார்க்கிறார்கள். மன்னியுங்கள், எனக்கு இந்த இடம் பிடிக்கும். எங்கள் துறை ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மூன்றாவது மாடி. தாழ்வாரம் நெடுக நிலப்படங்கள். இப்போது இல்லாத நாடுகளையும் சுவரிலிருந்து இறக்க யாருக்கும் மனம் வரவில்லை. என் அறைக்கு எதிரே தொங்குகிற படத்தில் வங்காள விரிகுடா சரியாக மடிப்பில் விழுந்திருக்கிறது. ஊர் அந்த மடிப்புக்குள் எங்கோ இருக்கிறது, சட்டைப்பையில் வைத்து மறந்த பஸ் டிக்கெட் மாதிரி. கூட்ட அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சமையலறை. ஒரு கெட்டில். எல்லாக் கண்டங்களின் ஆட்களும் அவரவர் கோப்பையோடு அங்கே வந்துதான் ஆக வேண்டும்.

என் ஆங்கிலத்தில் ஒரு ‘ப்பா’ ஒட்டிக்கொண்டே வந்துவிட்டது. கதவைத் தட்டுகிற மாணவர்களிடம் உள்ளே வாப்பா என்பதைப் போலவே ஆங்கிலத்திலும் சொல்லிவிடுவேன். அது என்ன மரியாதைச் சொல் என்று ஒரு பெண் கேட்டாள். விளக்கினேன். இப்போது அவர்கள் எனக்கே ‘குட் மார்னிங் ப்பா’ சொல்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவிக்கிற ஒரே ஆள் என் மகள் நஸ்ரின்.

அவள் இங்கேயே பிறந்தவள். அப்போது இந்தத் துறையில்தான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் துறை இருக்க, என் துறைக்கே வந்து சேர்ந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, வீட்டிலிருந்து ஒரே பஸ் என்றாள். சேருகிறபோதே இருவரும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். கட்டடத்துக்குள் நான் அத்தா இல்லை, அவள் மகள் இல்லை. மற்றவர்களைப் போல அவளும் என்னை டாக்டர் என்றுதான் அழைப்பாள். அவள் எழுதும் எதையும் நான் திருத்தக் கூடாது என்று பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு ஒரு படிவம் நீட்டியது. அப்பா மகள் உறவை இவ்வளவு சுருக்கமாக வரையறுத்த ஆவணம் வேறு இருக்க முடியாது. மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்துக்கு முந்தைய மாதம் மாணவர்கள் அவளைத் தங்கள் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அந்தக் கூட்டத்தில் அவளும் இருந்தாள். எனக்கு நேர் எதிர் நாற்காலி.

4

குறிப்பைப் படித்த கையோடு பஷீர் மச்சானை அழைத்தேன். இங்கே காலை, அங்கே பிற்பகல். பின்னணியில் யாரோ ஒரு இன்ஜினின் கயிற்றை இழுத்து இழுத்து ஓட வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததைச் சொன்னேன். பாடம் போனது அவருக்கு உடனே பிடிபட்டது. என் வேலை போகாது, வேறு பாடம் தருவார்கள் என்று சொன்னேன். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“நீ இன்னா சொன்ன மச்சான்?”

“ஒண்ணும் சொல்லலை. வாயே திறக்கலை.”

“அது செரி. அப்பால யாரு உன்ன டீக்கு இட்டுகினு போனது?”

“யாரும் கூப்பிடலை.”

இன்ஜின் சத்தம் நின்றது. அவரே கையமர்த்தி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

“ஒருத்தர் கூடவா?”

“ஒருத்தர் கூட.”

“உலகத்துக்கே பஞ்சாயத்து சொல்லிக் குடுக்கிற எடம்னு சொல்லிகினு இருந்தியே. அங்க டீக்குக் கூப்ட ஒரு ஆளு இல்லியா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பாப்பாவும் அங்கேதானே இருந்தது, அது என்ன செய்தது என்று கேட்டார். அதுவும் பேசவில்லை என்றேன்.

“நல்லா போனீங்க கூட்டத்துக்கு, அப்பனும் பொண்ணும்,” என்றார். “நான் பாப்பாகிட்ட பேசிக்கிறேன், வை.”

5

மாலையில் நானும் நஸ்ரினும் ஒரே பேருந்தில் திரும்பினோம். மாடிப் பேருந்து, மேல்தளம், முன் இருக்கை. ஆறு கடலை நோக்கி அகன்றுகொண்டே போகிற பாதை. இந்த நீர் ஈயத்தின் நிறம். முதல் சில வருடங்கள் இதைக் கடல் என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இப்போது ஒரு நாள் இந்தப் பாதையில் வராவிட்டால் கண் எதையோ தேடுகிறது.

கட்டடத்தைத் தாண்டியாகிவிட்டது, ஒப்பந்தம் முடிந்தது. கூட்டத்தில் நீ ஏன் பேசவில்லை என்று கேட்டேன். நீங்கள்தான் அந்தப் பாடத்தின் ஆசிரியர், நீங்களே சும்மா இருந்தீர்கள், உங்களுக்கே அது வேண்டாம் போல என்று நினைத்துக்கொண்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் கோபம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும். நான் கடைத்தெருக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பஷீர் மாமா மதியமே எல்லாம் சொல்லிவிட்டார் என்றாள். அந்தோணி அண்ணனின் லாரி வரைக்கும்.

அப்புறம் கண்ணாடியில் வழிகிற நீரைப் பார்த்துக்கொண்டே தமிழுக்கு மாறினாள்.

“வீட்ல நீங்க கோவளம் பத்தி ஒண்ணுமே சொல்ல மாட்டீங்க அத்தா. அந்தக் கிளாஸ்லதான் சொல்றீங்கன்னு சீனியர்ஸ் எல்லாரும் சொல்றாங்க. படகு, மீன் ஏலம், தண்ணி, எல்லாம். அதுக்குத்தான் அடுத்த வருஷத்துக்கு நான் அதுல பேர் குடுத்தேன்.”

அவள் பெயர் கொடுத்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியக் கூடாது என்பதும் அந்தப் படிவத்தில் ஒரு வரிதான்.

வீட்டில் என்ன சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். மீன் நன்றாக இருக்கிறது, பனி வரப்போகிறது, குடையை எடுத்துக்கொள். யார் யாருடைய பிள்ளைகளுக்கோ என் கரையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த பாடம் இது. என் பிள்ளை அதற்கு வரிசையில் நின்று பெயர் கொடுத்திருக்கிறாள். அவள் கடைசி ஆண்டு அடுத்த ஆண்டு. அதை விட்டால் அவளுக்கு வேறு ஆண்டு கிடையாது.

6

மறுநாள் துறைத்தலைவர் ஹெலனின் கதவைத் தட்டினேன். என்னைவிடச் சில வயது மூத்தவர். நாடுகளுக்கு இடையிலான போர்நிறுத்த உடன்படிக்கைகள் அவர் துறை. எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு, ஏன் நீங்கள் அப்போதே சொல்லவில்லை என்றார். சொன்னேனே, அதைத்தான் இவ்வளவு நேரமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எத்தனை உடன்படிக்கைகள் இப்படிக் கையெழுத்தாகியிருக்கும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிட்டது.

மேலிடத்துக்குத் தகவல் போய்விட்டதாம். பாடத்தைத் திரும்பப் பெற ஒரு இணைய விண்ணப்பம் போட வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே எழுதி வைத்த பதில்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர் விருப்பம், நிதி, எழுத்துப் பிழை, பிற. நான் ‘பிற’ என்பதை அழுத்தினேன். விவரம் தேவை என்றது. எழுதினேன். அதிகம் எழுதிவிட்டீர்கள் என்றது. கடைசியில் ‘ஆசிரியர் சம்மதிக்கவில்லை’ என்று மட்டும் எழுதினேன், ஏற்றுக்கொண்டது. இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து காரணம் சொல்ல வேண்டும், அங்கே ஒப்புதல் கிடைத்தால்தான் பாடம் திரும்பும் என்றார் ஹெலன்.

எல்லோர் முன்னாலும், முகத்துக்கு நேராக. எங்கள் தெருவில் யாரும் செய்யாத வேலை. இரண்டு வாரம் பேருந்தின் மேல்தளத்தில் உதட்டுக்குள் பேசிப் பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் நான் ஓதிக்கொண்டு வருவதாக நினைத்து மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

கூட்டத்தில், ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. எனக்கு இந்தப் பாடம் வேண்டும் என்றேன். நாடுகளைப் பற்றிப் பேசுகிற துறையில் கரையைப் பற்றிப் பேச ஒரு மணிநேரமாவது இருக்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லைகளைக் கோடு போட்டுக் காட்டலாம், கடலில் கோடு நிற்காது, அங்கே பேச்சு மட்டும்தான் நிற்கும் என்றேன். உட்கார்ந்துவிட்டேன். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. இந்த நாட்டில் எனக்கு வேர்த்தது அபூர்வம்.

வழக்கமாக ஹெலன், ஆட்சேபம் உண்டா என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். அன்று திருப்பவில்லை. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்டார். ஒவ்வொருவரும் சரி என்றார்கள். மாணவர் பிரதிநிதியின் முறை வந்தபோது நஸ்ரின் சொன்ன ‘யெஸ்’ கொஞ்சம் அதிகச் சத்தமாக இருந்தது. அந்தோணி அண்ணனின் வாரிசு.

மேசையின் கோடியில் இருந்த ராபர்ட் மட்டும் பதில் சொல்லவில்லை. அணு ஆயுத ஒப்பந்தங்கள் நடத்துகிறவர், துறையிலேயே மூத்தவர். கன்னத்தில் கைவைத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலன் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் எழுந்து ராபர்ட்டின் தோளைத் தொட்டுச் சமையலறைக்கு அழைத்துப்போனார். கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. என் பாடம், என் மகளின் ஒரே ஆண்டு, எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் கொதித்துக்கொண்டிருந்தன.

திரும்பி வந்த ஹெலன், ராபர்ட்டுக்குப் பல்வலி என்று அறிவித்தார். மற்றபடி சம்மதம்.

அன்று மாலை பஷீர் மச்சானிடம் சொன்னேன். பல்வலிக்காரனுக்குச் சூடாக டீ கொடுத்தார்களா, என்ன ஊரய்யா அது என்று கேட்டார்.

7

இந்த வாரம் புதிய கல்வியாண்டின் முதல் வகுப்பு. பெயர்ப் பட்டியலைப் படித்தபோது நஸ்ரின் மற்றவர்களைப் போலவே கையைத் தூக்கினாள். நானும் மற்றவர்களைப் போலவே தலையசைத்தேன்.

முதல் வகுப்பில் நான் எப்போதும் ஒரு பேச்சுவார்த்தை நடத்தச் சொல்வேன். கற்பனையான ஒரு வளைகுடா. கரையில் மீனவர்கள், விடுதிக்காரர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்றை அரசு கட்டவிருக்கிறது. உள்ளே தள்ளி ஒரு பெருநகரம் தண்ணீருக்குக் காத்திருக்கிறது. எங்கள் ஊருக்குத் தெற்கே, அப்படியொரு ஆலை நிற்கிற நெம்மேலி வழியாகப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கற்பனையை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று தெரிந்துவிடும். யார் யாருக்காகப் பேசுவது என்று சீட்டுக் குலுக்கினோம். நஸ்ரினுக்கு நகரம் வந்தது.

ஒவ்வோர் ஆண்டும் இது ஒரே மாதிரிதான் முடியும். வகுப்பு முழுவதும் மீனவர் பக்கம் சாய்ந்துவிடும். நான் அப்படித்தான் பேசுவேன், என் குரலில் அந்த உப்பு இருக்கிறது. இந்த முறையும் சாய்ந்தது. ஆலையின் குழாயைக் கடலுக்குள் தூரத்தில் போடுவது, படகுகள் போகும் வழியை விட்டுவிடுவது, நகரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். எல்லோருக்கும் திருப்தி. ஹெலனைப் பார்த்தபின் நானும் பழக்கத்தை மாற்றியிருந்தேன். ஒவ்வொருவராகக் கேட்டேன். மீனவர்கள் சரி. விடுதிக்காரர்கள் சரி. அரசு சரி.

நகரம்?

நஸ்ரின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் மேசைமேல். உதடு மூடியிருந்தது. கண்ணாடியில் என்னையே பார்ப்பது போலிருந்தது. குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பையன், அனைவரும் ஒப்புக்கொண்டனர் என்று எழுதத் தொடங்கினான்.

எழுதாதே ப்பா என்றேன். வகுப்புக்குப் பத்து நிமிடம் இடைவேளை விட்டேன்.

நஸ்ரினைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் கெட்டிலைப் போட்டேன். இரண்டு கோப்பை. அவள் முதல் மடக்கில் பேருந்து தாமதமானதைச் சொன்னாள். இரண்டாவது மடக்கில் புதிய கால அட்டவணை சரியில்லை என்றாள். நான் அவசரப்படவில்லை. சுவரில் தொங்குகிற யாரோ ஒருவரின் கோப்பையில் ஒட்டியிருந்த தேநீர்க் கறையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“எல்லாரும் என்னை என்னமோ திருட வந்தவ மாதிரி பாக்கறாங்க அத்தா,” என்றாள். கட்டடத்துக்குள் அவள் அப்படி அழைப்பது அதுவே முதல் முறை. “நகரத்துல இருக்கறவங்களுக்கும் தாகம் எடுக்கும்ல? ஒருநாள் விட்டு ஒருநாளா எடுக்கும்?”

நகரத்து விளிம்பில், சிறுசேரியில் என் சித்தி மகன் இருக்கிறான். பதினோராவது மாடி. குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காகக் கடிகாரம் பார்க்கிறவன். அவனை நான் ஒருமுறைகூட இந்த வகுப்புக்குள் கூட்டி வந்ததில்லை. இதற்கு முன் நகரச் சீட்டு எடுத்தவர்களில் யாராவது இப்படி உட்கார்ந்திருந்திருப்பார்களா? இருந்திருக்கலாம். நான் பொதுவாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

அவனைப் பற்றிச் சொன்னேன். அவன் சின்ன வயதில் கடலைக் கண்டால் ஓடி ஒளிவான் என்பதையும் சொன்னேன். வீட்டில் சொல்லாத கதை. அவள் கோப்பையை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள்.

“அப்ப இன்னா பண்ணலாம்?” என்றாள். அப்படியே பஷீர் மச்சானின் குரல், இந்த ஊர் நாக்கில்.

“முதல்ல இருந்து பேசலாம்,” என்றேன்.

“நான் மட்டும் இல்ல. அந்த விடுதிக்காரப் பையனும் முழு மனசா சரி சொல்லலை. நான் பாத்தேன்.”

கெட்டிலை மறுபடி நிரப்பி வைத்துவிட்டு, இருவரும் வகுப்புக்குத் திரும்பினோம்.